அவளுக்குத் தெருப் பிரெஞ்சு, எனக்கு ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு

எல்லாம் வல்ல இறைவன் திருவடியை நெஞ்சில் இருத்தி இதைத் தொடங்குகிறேன்.

அன்று விஜயதசமி. வெண்பலகையில் எழுதும் மைப்பேனாவின் காரவாசனை மூக்கில் ஏற, லா சப்பல் என்னும் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில், சிறுபிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க அமர்ந்து, பிரெஞ்சு மொழிக்கு நான் "ஏடு தொடக்கினேன்". இளமைக்கால நினைவு எழுதுங்கள் என்றால் எனக்கு முந்திக்கொண்டு வருவது அந்தப் பருவந்தான். அப்போது எனக்கு அறுபது கடந்திருந்தது என்பது வேறு விடயம். ஊரில் போர் முடிந்த ஆண்டில் மகனிடம் வந்துசேர்ந்த எங்களை இந்தப் பிரெஞ்சு நகரம் மறுபடியும் குழந்தைகளாக்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் என் மனைவி பவளம்.

முதல் இளமையில் என் தகப்பனார் ஒரு பதிகத்தை எடுத்தால், பண்ணும் பொருளும் பிசகாமல் நெஞ்சில் படியும்வரை அடுத்ததைத் தொடவிடார். "ஒண்டை முழுசாப் பிடி" என்பார். பவளமோ கோயிலில் பூக்கட்டியபடியே, காதில் விழுந்ததையெல்லாம் இரண்டிரண்டு வரியாகச் சேர்த்துக்கொண்டவள். பிரெஞ்சையும் நாங்கள் அப்படியே கற்றோம். அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்ததால், அந்த நோய்க்குரிய வசனங்களை மட்டும் பிழையறக் கற்றேன். அவள் சந்தை, பஸ், மாடிப்படி என்று கண்ட இடமெல்லாம் சொல் பொறுக்கினாள்.

"உங்கட பிரெஞ்சு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதப்பா."

"உன்ரையிலை ஒரு வசனமாவது முடிஞ்சிருக்கோ?"

"முடிக்க முதலே அவங்களுக்கு விளங்கியிடுதே!"

ஒரு குளிர்காலக் காலையில், நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மெத்ரோ ரயில் ஸ்டாலின்கிராட் நிலையத்தில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி ஏதோ சொல்ல, எல்லோரும் இறங்கினர். முந்தைய சுத்திகரிப்புப் பாதியில் நின்றிருந்ததால் பவளத்துக்கு மூச்சு வாங்கியது; அன்றும் தவறினால் உயிருக்கே ஆபத்து. என்னிடமிருந்த வசனங்களில் வழி கேட்க ஒன்றுகூட இல்லை. அவளோ முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் கையைப் பற்றி, "ஒப்பித்தால்... பஸ்... ஊ?" என்று, ஆஸ்பத்திரிக்கு பஸ் எங்கே என்பதை மூன்று சொல்லில் கேட்டுவிட்டாள். அந்தத் தாய் எங்களை பஸ் வரை அழைத்துப்போய்ச் சாரதியிடமும் சொல்லி விட்டாள்.

"இஞ்சேருங்கோ, கெதியா ஏறுங்கோ! இலக்கணத்தைப் பிறகு பாப்பம்."

ஆஸ்பத்திரியில், புதிதாக வந்த தாதி அவசரத்தில் இரத்த அழுத்தப் பட்டியைப் பவளத்தின் இடக்கையில் சுற்றத் தொடங்கினாள். சுத்திகரிப்புக்காக இரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த கை அது, இறுக்கவே கூடாது. பவளம் "நோ, நோ" என்றாள். பயப்படுகிறாள் என்று எண்ணித் தாதி தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் எழுந்து நின்று, அந்தக் கையில் என்ன செய்யப்பட்டிருக்கிறது, ஏன் இறுக்கக்கூடாது என்பதைப் பதிகம் ஒப்பிப்பவன்போல் முதலிலிருந்து முடிவுவரை சொன்னேன். அவள் உடனே பட்டியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, வலக்கைக்கு மாற்றினாள்.

"அந்தப் பிள்ளையை நல்லாப் பயப்பிடுத்திப் போட்டீங்கள்," என்றாள் பவளம். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் என்ன வடிவா முடிச்சீங்கள், ஒரு வசனத்தை!"

அதன் பின்னும் இறைவன் எங்களுக்குப் பல ஆண்டுகள் தந்தான். அதற்கு நான் எவ்வளவு தொழுதாலும் போதாது.

இன்று பவளம் அவன் திருவடி நிழலில் இருக்கிறாள். நாங்கள் படித்த அறை தொலைபேசி விற்கும் கடையாகிவிட்டது. கேட்பாரில்லாமல் என் ஆஸ்பத்திரி வசனங்களும் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. சென்ற வாரம் சந்தையில் பழுத்த மாம்பழம் கேட்கச் சொல் தெரியாமல், கன்னத்தை அமுக்கிக் காட்டினேன். வியாபாரி வாய்விட்டுச் சிரித்து, நல்ல பழமாகப் பொறுக்கித் தந்தான். வசனம் முடியவில்லை, விளங்கிவிட்டது.

இதை வாசிக்கும் நீங்கள் ஒன்றை ஆழக் கற்றவராயினும், பலவற்றை அள்ளிக் கற்றவராயினும், உங்கள் வீட்டில் மற்ற வகையினர் ஒருவர் நெடுங்காலம் நலத்தோடு உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்க அவன் அருள் புரிவானாக.