மல்வேர்னில் ஒரு உறுமல்

மல்வேர்னில் மச்சான் வீட்டுப் பின்முற்றத்தில் நிற்கிறேன். வேலிக்கு அங்கால் பள்ளம், பள்ளம் முழுக்கக் காடு, பின்னேரப் பனிப்புகார். நான் லண்டனிலிருந்து கடல் தாண்டி வந்திருப்பது எங்கட வேட்டைப் பயணத்துக்குத் திட்டம் போட. பங்குனியில் நியூசிலாந்து. அங்கே மான்கள் வேலியில்லாமல் மலை முழுக்கத் திரியுமாம். ஆண் மான் மாதிரி உறுமினால், இன்னொரு ஆண் மான் சண்டைக்கு வருமாம். உறுமுவதற்கென்றே மச்சான் ஒரு பிளாஸ்ரிக் குழாய் வாங்கி வைத்திருக்கிறான்.

"நீ உறுமு, நான் சுடுறன்."

"பத்தைக்குள்ள நிண்டு நான் கத்த, வேற ஆரும் மானெண்டு சுட்டால்?"

"அதுக்குத்தானே தூரத்திலயே மனிசனெண்டு தெரியிற ஒரேஞ்ச் சட்டை. பயந்தாங்கொள்ளி, ஊதடா!"

ஊதுகிறேன். மச்சான் சிரிக்கிறான். காட்டுக்குள்ளிருந்து அதே உறுமல் திரும்பி வருகிறது.

"பார், மான் வருது" என்கிறேன்.

மச்சானுடைய சிரிப்பு நிற்கிறது. "இங்கத்தை மான் உப்பிடிக் கத்தாது. உது ஆரோ மனிசன்."

"ஹலோ!" என்று அவன் கூப்பிடுகிறான். உறுமல்தான் இன்னும் கிட்டக் கேட்கிறது, சுள்ளி முறிகிற சத்தத்தோடு.

"மச்சான், எனக்கு நியூசிலாந்துக்கு ரிக்கெட் போடாதை."

அவன் காட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"மெல்லமாக் கதையடா" என்கிறான்.