நாலு நாலில் பத்து

கொண்டச்சியில் சனூனின் தகரக் கொட்டில் பகலில் அடுப்பாகக் காயும். பூட்டிவிட்டு எங்காவது போகலாமென்றால் அதுவும் முடியாது. அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு ஆள் குடியிருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் என்ன, சொல்லிக்கொண்டா வருகிறார்கள்? கொட்டில் பூட்டிக் கிடந்தால் ஆள் இல்லையென்று பெயரை வெட்டிவிடுவார்கள். மனைவி பாத்தும்மாவும் மகள் ஜெஸ்லியாவும் இன்னும் புத்தளத்தில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சும்மாவா சொன்னார்கள்.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது சனூனுக்கு மீசைகூட அரும்பவில்லை. சண்டை முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து காடு வெட்டினான். ஜெஸ்லியாவோ புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். கொண்டச்சியை 'உங்கட ஊர்' என்றுதான் சொல்லுவாள். இங்கே வா, வா என்று அவன் போனில் நச்சரிக்க, ஒருநாள் அவள் ஒரு கணக்குப் போட்டாள்.

"நாலெண்ட இலக்கத்த நாலு தரம் தாறன் வாப்பா. கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், பிரிக்கலாம். சேத்து நாப்பத்திநாலெண்டு மட்டும் எழுதேலாது. ஒண்டுல இருந்து பத்துவரைக்கும் எல்லாத்தையும் கொண்டுவாங்க. கொண்டுவந்தா நான் அங்க வாறன்."

சனூனுக்கு உயிர் வந்தது. கரித்துண்டால் தகரச் சுவரெல்லாம் எழுதினான். நாலும் நாலும் எட்டு. மற்ற நாலை நாலால் பிரித்து வந்த ஒன்றைக் கூட்ட ஒன்பது. பத்துதான் மசியவில்லை. பிடிவாதக்காரன், சோறு தீய்ந்துபோவதும் தெரியாமல் குந்தியிருந்தான்.

பக்கத்துக் கொட்டில் முபீன் மாஸ்டர் ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பத்து வராது சனூன். நாப்பத்திநாலுல நாலு போனா நாப்பது, அத நாலால பிரிச்சாப் பத்து. சேத்து எழுதாட்டி வேற வழியே இல்ல. வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்."

சனூன் கரித்துண்டைக் கீழே வைத்தான். மகள் எதற்கு அந்தச் சட்டம் வைத்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மனமில்லாத பிள்ளை. அவனுக்குக் கோபம் வரவில்லை. அங்கே போகவும் வழியில்லை, அவளை இங்கே கூப்பிடவும் வழியில்லை.

பின்னேரம் போன் அடித்தது.

"பத்து வந்துட்டுதா வாப்பா?"

வராது என்று சொன்னால் அவள் வாய்திறந்து மறுக்கவேண்டி வரும். கதை அத்தோடு முடிந்துவிடும்.

"இன்னும் இல்ல மகள். கிட்ட வந்துட்டன்."



"ஆறுதலாப் பாருங்க வாப்பா," என்றாள். "அவசரமில்ல."