ஆண்டவர் திருப்பி அனுப்பும் பாவம்

சுவிஸில் ஓல்டனிலிருந்து பாசெலுக்குப் போகும் ரயில் கொஞ்ச நேரத்தில் ஒரு நீளமான சுரங்கத்துக்குள் நுழையும். ஜன்னல் கண்ணாடி கறுத்துவிடும். அதில் என் முகம் தெரியும். பக்கத்தில் என் தங்கச்சியின் முகமும் தெரியும். தலைமயிர் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருக்கும். முதல் தடவை கத்தியே விட்டேன். எதிரே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மனிதர் எழும்பி வேறு பெட்டிக்குப் போனார். பிறகு பழகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போவேன். மூன்று நாளும் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்வேன். கண்ணை மூடினால் மட்டும் அவள் இறங்கிப் போய்விடுவாளா என்ன?

என்ன நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது. தொண்ணூறில் மன்னார்க் கரையிலிருந்து படகில் இந்தியாவுக்கு ஓடினோம். விடிந்துகொண்டிருந்தது. நானும் கணவரும் ஏறிவிட்டோம். தங்கச்சி மார்பளவு தண்ணீரில், தலையில் பையை வைத்துப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். வீட்டை விட்டு வர மனமில்லாத அம்மா கரையில் நின்றார். அப்போது நேவியின் படகுச் சத்தம் கேட்டது. "எடுங்கோ! எடுங்கோ! போவம்!" என்று படகோட்டியைப் பார்த்துக் கத்தியது நான். வேறு யாருமில்லை, நான்தான். "பொறுங்கோ, அவள் வாறாள்" என்று என் கணவர் படகோட்டியின் கையைப் பிடித்தார். படகு கிளம்பிவிட்டது. பின்னால் வெடிச் சத்தம். தங்கச்சியை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

நாங்கள் சுவிஸ் வந்து சேர்ந்த பிறகு அம்மாவும் இராமேஸ்வரம் பக்கத்து முகாமுக்கு வந்துவிட்டார். முகாமுக்கு வெளியே இருந்த ஒரு கடைக்கு டெலிபோன் எடுத்தால் அவரைக் கூப்பிட்டு விடுவார்கள். முதல் தடவை பேசியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆர் படகை எடுக்கச் சொன்னது?"

"இவர்தான் அம்மா" என்றேன்.

இவர் பக்கத்தில் நின்று தெரு டெலிபோனில் சில்லறையைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பிராங்கையும் எடுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு மருமகன் செத்த மாதிரி. இவர் போனில் வந்தால் அம்மா வைத்துவிடுவார். கல்யாண வீடுகளில் எங்கள் ஊர்ச் சனம் இவரைக் கண்டால் தள்ளிப் போய் இருக்கும். "கொழுந்தியைக் கடலுக்க விட்டிட்டு வந்தவன்" என்று காதுபடவே சொல்வார்கள். நான் தட்டில் இருக்கிற வடையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒருநாளாவது இந்த மனிதன் என்னைப் பிடித்து நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் ஏசவில்லை. பார்சல் கிடங்கில் வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார். அவர் மேசைக்கு வந்ததும் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பேன். மாதம் ஒருமுறை தமிழில் பூசை வைக்க வரும் குருவானவரிடம் எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். நான் முந்நூறுக்கு மேல் சொல்லியிருப்பேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்படியானால் சுரங்கத்துக்குள் இவள் ஏன் வருகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

பாசெலில் நான் வேலை செய்தது ஒரு யூதப் பெரியவர் வீட்டில். எண்பது தாண்டியவர், சக்கர நாற்காலி, முன்கோபி. மனைவி முந்தின மாரிக்குளிரில் இறந்துபோனார். அந்த வீட்டுக் குசினியில் எல்லாம் இரண்டிரண்டு. இறைச்சிக்கு ஒரு தொட்டி, பாலுக்கு ஒரு தொட்டி. கரண்டிகளும் துணிகளும் அப்படியே: சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. இறைச்சியும் பாலும் கலப்பது அவர்கள் வேதத்தில் பாவமாம், மாறிவிடவே கூடாது. மீனையும் கருவாட்டையும் ஒரே சட்டியில் போட்டு வளர்ந்த எனக்கு அது ஒரு பெரிய தலையிடி.

வெள்ளிக்கிழமை புறப்படுமுன் இரண்டு பேருக்கு மேசை போட்டு வைக்கச் சொல்வார். டிசம்பரில் ஒரு வெள்ளி நாலரைக்கே இருட்டிவிட்டது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே பாட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு மெழுகுதிரி எரிந்தது. பெரியவர் வெறும் கதிரையைப் பார்த்து, கையை நீட்டி, உடைந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். வெள்ளி இரவில் புருஷன் மனைவியைப் புகழ்ந்து பாடுவது அவர்கள் வழக்கமாம். நான் மட்டும்தான் செத்தவளோடு வாழ்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த புரட்டாசியில் அந்தத் தவறைச் செய்துவிட்டேன். கொதிக்கிற இறைச்சிச் சூப்பை நீலக் கரண்டியால் கலக்கிவிட்டேன். பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கரண்டியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். மூளை இல்லாத பொம்பிளை என்றார், வேறு என்னவெல்லாமோ சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சூப்பை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். ரயிலில் அழுதுகொண்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் பாவமன்னிப்புக் கேட்டுக் கிடக்கும் பெரிய நோன்புக்கு முதல் நாள். நான் வந்ததும் வராததுமாகப் பெரியவர் என்னை முன்னால் இருத்தி, "அன்றைக்கு உன்னைக் கேவலமாகப் பேசினேன். மன்னித்துவிடு" என்றார்.

"பரவாயில்லை" என்றேன்.

"பரவாயில்லை என்றால் மன்னிப்பு இல்லை. மன்னிக்கிறாயா?"

எனக்கும் வீம்பு. கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவருடைய தாடை நடுங்கியது. "மன்னிக்கிறேன்" என்றேன்.

"நல்லது" என்றார், மூச்சு வாங்கியபடி. "நாளை முழுக்கப் பட்டினி கிடந்து அழுதாலும் உனக்குச் செய்ததை ஆண்டவர் மன்னிக்கமாட்டார். அது அவருடைய வேலை இல்லை. உன்னிடமே திருப்பி அனுப்பிவிடுவார்."

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நான் சொன்ன அத்தனை செபமாலையும் நினைவுக்கு வந்தது.

பிறகு, கோட்டை எடுத்து வா, மனைவியின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பதானால் பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்கே போக வேண்டுமாம். கறுப்புக் கோட்டுப் போட்ட கிழவர்கள் ஒன்பது பேர் கல்லறைத் தோட்ட வாசலில் நின்றார்கள். பத்தாவது ஆளுக்காக அரைமணி நேரம் குளிரில் காத்திருந்தோம். அவர் வந்ததும் நான் நாற்காலியைச் சரளைக்கல்லில் தள்ளிக்கொண்டு போய்க் கல்லறைக்கு முன் நிறுத்தினேன்.

பெரியவர் ஜெர்மனிலேயே சொன்னார், அதனால் எனக்கும் விளங்கியது. வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட்ட பிறகு தன்னோடு ஒரு மணித்தியாலம் இருக்கச் சொல்லி மனைவி கேட்டாராம். இவர் தொழுகைக்கூடத்துக்கு வேதம் படிக்கப் போய்விடுவாராம். 'நீ ஆண்டவரைத் தேடி வெளியே போகிறாய். அவர் இருக்க ஆசைப்படுவது நம் இருவருக்கும் நடுவில்' என்று மனைவி சொன்னபோது இவர் சிரித்தாராம். மனைவி கடைசியாகக் கண் மூடிய நேரத்திலும் இவர் படித்துக்கொண்டுதான் இருந்தாராம். "அவளுக்கும் பாவம் செய்தேன், அதனால் ஆண்டவருக்கும் பாவம் செய்தேன்" என்று சொல்லிச் சிறுபிள்ளை மாதிரி விம்மினார். பத்துப் பேரும் ஒரே குரலில், உனக்கு மன்னிக்கப்பட்டது என்று மூன்று தடவை சொன்னார்கள்.

திரும்பி வரும்போது, "அவவுக்குக் கேட்டிருக்குமா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். "உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் அவள் ஒருத்தி போதும். இப்போது பத்துப் பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது."

அன்றைக்குச் சுரங்கத்துக்குள் நான் கண்ணை மூடவில்லை. அவள் இருந்தாள். பெட்டியில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். "பயத்தில விட்டிட்டு வந்திட்டன். நான்தான் எடுக்கச் சொன்னனான். என்னை மன்னியடி" என்று வாய்விட்டே சொன்னேன். பத்துப் பேருக்கும் தமிழ் தெரியாது. ஒருவரும் மன்னிக்கப்பட்டது என்று சொல்லவில்லை. வெளிச்சம் வந்தது. அவளும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

வீட்டில் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் போகவில்லை. எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இஞ்சருங்கோ, என்னை மன்னியுங்கோ."

"என்னத்துக்கு?"

"தெரியாதமாதிரிக் கேக்காதேங்கோ. அம்மாட்ட உங்களைச் சொன்னனெல்லோ."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த கை நின்றது. "ஆறு வருசமா இந்தக் கதவைச் சாத்தினியே," என்றார், "அதுதான் எனக்குப் பெரிய நோவு. மற்றது போகட்டும்." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தேன். முழங்காலில் நின்று நான் தேடியவர் அந்த மேசையில் எங்கேயோ இருப்பது போல இருந்தது. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். பயந்தான் கூடுதல். ஆண்டவர் வந்துவிட்டால் அம்மாவிடமும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை அம்மாட்டச் சொல்லப்போறன்" என்றேன்.

"வேண்டாம். அந்த மனுசிக்கு மிஞ்சியிருக்கிறது நீ ஒருத்திதான்."

சொல்லத்தான் செய்தேன். ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போன் எடுத்து, அம்மா வந்து "ஹலோ" என்றதும், மூச்சு விடாமல் கொட்டினேன். "அம்மா, படகை எடுக்கச் சொன்னது இவர் இல்லை. நான்தான். இவர் மறிச்சவர். நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

மறுமுனையில் கடைக்காரனின் ரேடியோதான் கேட்டது. அம்மா விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார் அம்மா.

"என்னண்டு தெரியும்?"

"கரையில நிண்டனான்தானே. உன்ர குரல் எனக்குத் தெரியாதோ?"

"பிறகேன் கேட்டனீங்கள்? ஏன் இவரை வெறுத்தனீங்கள்?"

"ஒருத்தியைக் கடல் கொண்டுபோட்டுது. மற்றவளையும் வெறுத்தா எனக்கு ஆர் இருக்கினம்? நீ அவரைச் சொன்னாய். நானும் அவரைப் பிடிச்சுக்கொண்டன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போனை அவரிட்டக் குடு."

நீட்டினேன். இவர் கையை உடுத்திருந்த சாரத்தில் இரண்டு தரம் துடைத்துவிட்டு, எழும்பி நேராக நின்று வாங்கினார்.

"ஓம் மாமி" என்றார். கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஓம் மாமி... இல்லை மாமி... சாப்பிட்டன் மாமி."

அன்று அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.