கழுதை பார்க்கப் போகும் பாஞ்சாலி

மேஜைவிரிப்பின் ஒரு மூலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், "பிஸிபேளே பாத். நெய் ஜாஸ்தி. பொண்ணு வூட்டுக்காரங்க தாராளம்தான்" என்கிறாள் பாஞ்சாலி. அடுத்த விரிப்பில் வெற்றிலைச் சாறு. அதைத் தனியாக எறிகிறாள். முந்தாநாள் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. ஆனால் என்ன பரிமாறினார்கள், எந்த வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம் முழுவதும் அவளுடைய சலவைக்கூடம். ஆள் உயர மெஷின் இரண்டு, கஞ்சி போட ஓர் அண்டா, மொட்டைமாடியில் பதினாறு கொடிகள். அல்சூர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் விரிப்புகளும் நாற்காலி உறைகளும் பதினான்கு வருடமாக இங்கேதான் வெளுக்கின்றன. என் துணியைக் காயப்போட ஒரு கொடிகூடக் கிடைப்பதில்லை. கேட்டால், "முகூர்த்தம் முடியட்டும் சார்" என்பாள். பெங்களூரில் முகூர்த்தம் என்றைக்கு முடிந்தது?

இப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பத்தொன்பது வயதில் ஓர் ஆசை வந்தது. மகள் தீபிகாவின் போனில் ஒரு வீடியோ. குஜராத்தில், கட்ச் பக்கத்து உப்புப் பாலைவனத்தில், காட்டுக்கழுதைகள் கூட்டமாக ஓடுகின்றன. சந்தன நிறம், வெள்ளை வயிறு. அதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு மாடியேறி வந்து என்னிடம் நீட்டினாள்.

"முதுகைப் பாருங்க சார், ஒரு தழும்பு இல்ல. எவனும் இதுங்க மேல மூட்டை ஏத்தினதே இல்லியாம். நான் இத நேர்ல பாக்கணும்."

அவள் அப்பாவிடம் துணி சுமக்க இரண்டு கழுதைகள் இருந்தனவாம். இரண்டுக்கும் முதுகில் மயிரே கிடையாது என்று வேறொரு நாள் சொன்னாள்.

புருஷன் நாகேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். "கழுதை பாக்க குஜராத்துக்கா? பைத்தியமா உனக்கு?"

"இங்க ஒண்ண இருபத்தாறு வருசமா பாத்துக்கினு கீறேனே, அது போதும். இனிமே நல்ல கழுதையா பாக்கறேன்" என்றாள். 

திட்டம் போட ஆரம்பித்தாள். அம்மம்மா! வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஜீப்பில் இருந்தவர்கள் யாரும் பளிச்சென்று உடுத்தவில்லை என்று கண்டுபிடித்து, மண் நிறத்தில் இரண்டு புடவை எடுத்து வைத்தாள். ரயிலுக்குப் புளிசாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு என்று முடிவாயிற்று. உப்புத்தூசி பட்டால் எந்தச் சாயம் மங்கும் என்று எனக்கு அரைமணி நேரப் பிரசங்கம் வேறு.

தேதி குறித்ததும் அவள்தான். ஆஷாட மாதத்தில் கன்னடக்காரர் வீட்டில் கல்யாணம் கிடையாது, ஆடியில் நம்மவர் வீட்டில் கிடையாது. ஆடி பிறந்தும் ஆஷாடம் முடியாத ஒரு வாரம் ஜூலையில் வரும். அப்போது மண்டபம் காலி, கொடிகள் காலி. "அந்த வாரந்தான் சார் நான் பொறந்ததுலேர்ந்து எனக்கு லீவு" என்றாள். சரியான கணக்கு என்று மெச்சி, நானே ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

பிறகுதான், வீடியோவில் நம்பர் போட்டிருந்த ஜீப்காரருக்குப் போன். "பாய், ஹமாக்கு கதே தேக்னா", நாங்கள் கழுதை பார்க்கவேண்டும் என்று, அக்கம்பக்கத்து வீடுகளில் கற்ற தக்கினி உருதுவில் ஆரம்பித்தாள். அவர் சிரிக்காமல், பொறுமையாக இந்தியில் சொன்னார். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சரணாலயம் மூடியிருக்கும். மழையில் அந்த உப்புத்தரை முழுக்கத் தண்ணீர், கழுதைகள் மேட்டைத் தேடிப் போய்விடும், ஜீப் ஓடாது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தோமே ஒழிய, இரண்டு பேரும் மழையைப் பார்க்கவில்லை. அவளாவது துணியோடு கிடப்பவள். படித்த எனக்கு எங்கே போயிற்று புத்தி?

"கழுதைங்களுக்குப் பஞ்சாங்கம் ஏது சார்" என்று எழுந்து போய் மெஷினைப் போட்டாள்.  கஞ்சி அண்டா பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அழுதாள் என்று தீபிகா சொன்னாள்.

மறுநாள் காலை கதவைத் தட்டினாள். "மார்கழிலயும் கல்யாணம் இல்ல சார்!"

இந்த முறை ஜீப்காரரிடம் முதலில் கேட்டோம். டிசம்பரைவிட நல்ல மாதமே இல்லை என்றார். தீபிகாவின் ஆபீஸ் மூடுவது வருடத்தின் கடைசி வாரம் மட்டும்தான். அவள் துணையில்லாமல் பாஞ்சாலி அவ்வளவு தூரம் போகமாட்டாள். ஆகவே இருபத்தாறாம் தேதி ரயில், வருவது இரண்டாம் தேதி. வனத்துறை அனுமதி, கிராமத்தில் ஓர் அறை, இரண்டு காலை, ஒரு சாயங்காலம் ஜீப். எல்லாம் ஆயிற்று.

டிசம்பர் இருபதாம் தேதி மண்டபத்து மேனேஜர் சந்திரசேகரன் ஸ்கூட்டரில் வந்து பெரிய மூட்டை ஒன்றை வாசலில் இறக்கினார்.

"முப்பத்தொண்ணாந்தேதி மூணு கம்பெனி பார்ட்டிம்மா. இது பாதிதான், மீதி இருபத்தெட்டாந்தேதி அனுப்பறேன்."

"நான் ஊர்ல இருக்க மாட்டேன் சார். ரெண்டாந்தேதிதான் வருவேன்."

"எங்க போறீங்க?"

"கழுதை பாக்க."

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவர் முகம் சிவந்தது. "வெளையாடாதீங்க. பொம்மனஹள்ளி லாண்டரிக்காரன் ஒரு வருசமா என் பின்னாடி சுத்தறான். இந்த மூட்டை அவன்கிட்ட போச்சுன்னா தை மாசக் கல்யாணமும் அவனுக்குத்தான். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

 வாங்கிக்கொள் பாஞ்சாலி, கழுதை எங்கே ஓடிப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. நாகேஷ் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 பாஞ்சாலி குனிந்து, மூட்டையை ஒரே தம்மில் இடுப்புக்குத் தூக்கினாள். மேனேஜர் முகத்தில் சிரிப்பு வந்தது. அவள் கூடத்துக்குள் போகவில்லை. நேராகத் தெருவில் இறங்கி, அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் மூட்டையை வைத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.