கனவில்லாத கனவு ஆராய்ச்சி

ஜெயலெட்சுமியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் ஆள் காணாமல் போய்விடுவாள். உடம்பு அங்கேயே நிற்கும், கையில் சோக்குத் துண்டும் இருக்கும். கண் மட்டும் பசறைப் பள்ளிக்கூடத்து ஜன்னலைத் தாண்டிப் போய், எதிர்மலையில் மூடுபனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். "என்ன ஜெயா, எந்த ஸ்டேஷன்ல இறங்கின?" என்று நான் கேட்டால் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷத்தில் அந்தப் பள்ளிக்கு ஆசிரியைகளாக வந்தவர்கள். நான் ஸவாஹிரா, பசறைக் கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்த ஜுனைதீனின் மகள். அவள் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெரியாயியின் ஒரே மகள். பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்குவாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அந்தத் தோட்டத்திலிருந்து பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான். அதற்காகக் கொஞ்சமாவது தலைக்கனம் காட்டக்கூடாதா என்று எனக்கே சில வேளை எரிச்சல் வரும்.

1979ஆம் ஆண்டில் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுப் படிப்பு தொடங்கினார்கள். உளவியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து நடத்தும் முதுகலைமாணிப் படிப்பு. "சோறும் பாயசமும் ஒரே கோப்பையிலயா?" என்று வாப்பா கேட்டார். ஜெயா விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு. ரயிலில் போவாள், ரயிலில் வருவாள். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த பாதைக்குக் கீழேயே நுழைந்து போகும். அந்த இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவேன் என்பாள். கனவு காண்கிறவளுக்குப் படிப்பும் கனவைப் பற்றியே வாய்த்தது. ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது, தோட்டத்துப் பெண்கள் கனவை என்ன செய்கிறார்கள் என்பது.

அவர்கள் செய்வது இதுதான். எங்கள் வீட்டில் கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை துப்பிவிட்டு, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுப்போம். அவளுடைய லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், கெட்ட கனவு கண்டவள் விடிந்ததும் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடத்தைப் பீலி என்பார்கள், லயத்துக்கே குளிக்கவும் குடிக்கவும் அதுதான். நேரே அங்கே போய்க் குனிந்து, விழுகிற தண்ணீருக்கு வாயைக் கொடுத்துக் கனவைச் சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்த பிறகுதான் பேச்சு. வாய் மூடிப் போகிறவளை வழிமறிக்கக் கூடாது. புருஷன் தேத்தண்ணி கேட்டாலும் பதில் வராது. நல்ல கனவென்றால் தண்ணீருக்கும் சொல்வதில்லை, மனிதருக்கும் சொல்வதில்லை. அது பலிக்கும்வரை உள்ளேயே கிடக்கும். முன்னாடியே சொன்னால் கலைந்துவிடுமாம்.

இப்படிப்பட்ட இடத்தில் போய்க் கனவு சேர்க்க நினைத்த புத்திசாலியை என்னவென்று சொல்வது? கெட்டது தண்ணீரோடு போய்விட்டது, நல்லதைச் சொல்லமாட்டார்கள். பெற்ற தாயிடம் கேட்டாளாம். "எனக்குக் கனவே வாறதில்ல ஆயி. அலுப்புல படுத்தா கட்டதான்" என்று பெரியாயி கையை விரித்துவிட்டாள்.

உளவியல் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார்: பீலிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் வையுங்கள். ஜெயாவுக்கு மனமே இல்லை. ஆனாலும் படிப்பு நின்றுவிடுமே என்ற பயத்தில் எங்கள் கடையில் இருந்ததைக் கேட்டு எடுத்துப்போய் வைத்தாள். அந்தக் கஸெட்டை என் அறையில்தான் இருவரும் போட்டுக் கேட்டோம். தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். இடையில் யாரோ இருமினார்கள், பிறகு மறுபடி தண்ணீர். கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தால் ஜெயாவும் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை லயத்துப் பெண்களிடம் போய், செய்ததை அவளே சொல்லிவிட்டாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த இராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"தண்ணி யாரையாச்சும் காட்டிக் குடுத்திருக்கா புள்ள?"

அன்றைக்கு ஜெயா அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். கனவைக் கேட்கமாட்டேன், பீலிக்கு வருகிற போகிறதை மட்டும் பார்க்கிறேன் என்று. அதன்பிறகு இரண்டு வருஷம், லீவு நாளெல்லாம் இருட்டு விலகும் முன்னே எழுந்து, பனிக்குள் பீலிக்கு எட்ட நின்றாள். யார் வாய் மூடி வருகிறார்கள், சொல்லி முடித்தபின் முகம் எப்படி மாறுகிறது, யார் அழுகிறார்கள், யார் சும்மா முகம் கழுவுகிற சாக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாள். அப்படியே தப்புப் பறை அடிக்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். அங்கே பேர் கூப்பிட்டு, யார் யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள். ஜெயா மட்டும் பீலியடியில் தனியாக நிற்பாள். தண்ணீருக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றால் கால் தரையில் இருக்கிற மாதிரியே தெரியாது என்று என்னிடம் சொன்னாள். நீ என்றைக்குத்தான் தரையில் இருந்தாய் என்று கேட்டேன்.

ஆய்வேட்டை எழுதி முடித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. உள்ளே ஒரு கனவுகூட இல்லை. இது எங்கள் துறைக்குரியதல்ல என்றது உளவியல், எங்களுடையதுமல்ல என்றது தமிழ். தாய் வீட்டிலும் இடமில்லாமல் மாமியார் வீட்டிலும் இடமில்லாமல் நிற்கிற பெண் மாதிரி அந்த ஏடு எட்டு மாதம் அலைந்தது. கடைசியில், நேரில் வாருங்கள், நேர்முகத்தில் பார்த்து முடிவு செய்கிறோம், இல்லையென்றால் பதிவு ரத்து என்று சொல்லிவிட்டார்கள். ஜெயாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

முதல்நாள் ராத்திரி, கண்டியில் என் மாமி ரஹ்மத்தும்மா வீட்டில் தங்கினோம். விடிந்ததும் ஜெயாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுக மூடியிருந்தது. போயும் போயும் இன்றைக்கா கனவு காண வேண்டும்!

மாமி ஆப்பத்தைக் கொண்டுவந்து வைத்து, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா மகள்?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். ஜெயா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமி என்னைத் தனியே இழுத்து, "பேச்சு வராத புள்ளையா? இதையா படிச்ச புள்ளைன்டு சொன்ன?" என்று கேட்டார்.

குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அன்றைக்குப் பார்த்து அந்தத் தெருவுக்கே தண்ணீர் இல்லை. பீப்பாயில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. ஜெயா அதைப் பார்த்துத் தலையசைத்தாள். நிற்கிற தண்ணீருக்குச் சொன்னால் கனவும் அங்கேயே நிற்கும்.

பல்கலைக்கழக வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கட்டடத்துப் பக்கம் போகவில்லை. ஆற்றுப் பக்கம் நடந்தாள். "ஜெயா, நேரமாச்சு! உனக்குப் பைத்தியமா?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். மகாவலி அன்றைக்கு நிறைந்து, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூங்கிலடியில் இறங்கி, புடைவைக் கரை நனைய நனையக் குனிந்து, தண்ணீரில் வாய் படுமளவுக்கு முகத்தை வைத்தாள். நான் தள்ளியே நின்றேன். மேலே ஏறி வந்ததும், "இப்ப வா, ஓடலாம்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபமும் போனது, பயமும் போனது.

நேர்முக அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. ஏன் தாமதம் என்று உளவியல் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். ஜெயா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"இவ்வளவு படித்த நீங்களும் இதை நம்புகிறீர்களா?" என்றார் அவர்.

"தெரியலைங்க சார். நம்புறேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டேதான் ஆத்துக்குப் போனேன்."

தமிழ்ப் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். "அது கிடக்கட்டும் பிள்ளை. கனவு ஆராய்ச்சியிலை கனவு எங்கை? ஒண்டாவது வேண்டாமே? இண்டைக்கு நீர் கண்ட கனவையாவது சொல்லுமன், அதைச் சேர்த்து ஏட்டை முடிப்பம்."

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. சொல்லித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு கனவுக்கு ஒரு பட்டம், லாபம்தானே!

"அத ஆத்துக்கிட்ட குடுத்துட்டேன் சார். இப்ப அது என்கிட்ட இல்ல" என்றாள் ஜெயா. "அந்தப் பொம்பளைங்களும் இதத்தான் எனக்குச் சொன்னாங்க. நான் எழுதுனதும் இவ்வளவுதான்."

எட்டிப் பார்த்தேன். இரண்டு பேராசிரியர்களும் நாற்காலியில் முன்னுக்கு வந்து, வாய் லேசாகத் திறந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு துறையும் ஒரே பொருளுக்கு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். பிறகு தமிழ்ப் பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். மதியம் தாண்டி ஜெயா வெளியே வந்து, "பாஸ்" என்றாள். நான் அந்த நடையிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தக் கனவு என்னவென்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

மறுநாள் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். பெரியாயி அப்போதுதான் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "எல்லாம் முடிஞ்சிருச்சா? இனிமே பீலியில வந்து நிக்க வேணாம்ல?" என்றுதான் கேட்டாள்.

"வேணாம்மா."

பெரியாயி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் குந்தினாள்.

"அப்பன்னா ஒரு கனவு சொல்லவா?"

ஜெயா கோப்பையைக் கீழே வைத்தாள். "கனவே வாறதில்லன்னீங்க?"

"நீ கைப்புள்ளையா இருக்கையில கண்டது. பெரட்டுல பேரு கூப்பிடுறாங்க. கங்காணி உன் பேரக் கூப்பிடுறாரு, ஜெயலெட்சுமி, ஜெயலெட்சுமின்னு. நீ வரல. தொண்ட கிழியக் கூப்பிடுறாரு, நீ வரவேயில்ல. எனக்குன்னா அப்படி ஒரு சந்தோசம். முழிச்சுப் பாத்தா பயமா இருக்கு. பேரு கூப்பிட்டும் வரலன்னா, புள்ள தப்பிச்சிருச்சா, இல்ல செத்துப்போச்சா? நல்லதா கெட்டதான்னு தெரியல. பீலிக்குச் சொன்னா, நல்லதா இருந்து அடிச்சிக்கிட்டுப் போயிருச்சுன்னா? அதான் சொல்லல."

"நான் டீச்சரானப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் இருந்தேன். நீ என்னடான்னா விடியாத நேரத்துல பெரட்டுக்குப் போறவளுக கூடவே வந்து நின்ன. ரெண்டு வருசம். தப்பு அடிக்கிறப்பல்லாம், எங்க உன் பேரயும் கூப்பிட்டுருவாங்களோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிரும்."

ஜெயா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெரியாயி மகளின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "குடிங்க டீச்சரம்மா, தேத்தண்ணி ஆறுது" என்றாள்.