நெளிந்த வளையல்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அந்த அம்மா போன் செய்தார். வருடக்கணக்காக நான் கெஞ்சிக் கேட்டு, ஒருவழியாகத் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்ட வளையலைப் பற்றித்தான்.

"தம்பி, நீங்க சாயங்காலமா திண்டிவனம் வந்தா போதும். வளையலை எடுத்துக்கினு மேம்பாலத்தாண்ட இருக்கற ஆசாரிகிட்ட போய்க்கினு இருக்கேன். நெளிசலை எடுத்துட்டுத் தர்றேன்."

"ஐயோ, வேணாம்மா, அதைத் தொடாதீங்க" என்றேன். அதற்குள் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

அவருடைய அக்கா பெரிய பாடகி. அக்கா பாட, இவர் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டவர். அந்தப் பாடகி மேடையில் அணிந்த நகைகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். மூக்குத்தியும் ஜிமிக்கியும் ஒரு மோதிரமும் ஏற்கெனவே என் பீரோவில் இருக்கின்றன. எனக்குப் பளபளப்பு வேண்டாம், தேய்மானம்தான் வேண்டும். இந்த வளையல் அவர் வலது கையில் போட்டது. உள்ளே கூடான தங்கம், ஒரு பக்கம் சப்பையாக நெளிந்திருக்கும். எத்தனை கச்சேரிகளில் தொடையில் தாளம் தட்டித் தட்டி அப்படி ஆனதோ என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதைப் போய் நிமிர்த்துவார்களா? பழசைப் புதுசாக்கிக் கொடுப்பதுதான் மரியாதை என்று இந்த ஜனங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்ததோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகரவே இல்லை. கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் போகிற காலேஜ் பிள்ளைகள் சாவகாசமாக இறங்கினார்கள்.

"கொஞ்சம் ஜல்தியா போகச் சொல்லுங்கண்ணே" என்றேன் கண்டக்டரிடம்.

"உங்களோட ஒரே பேஜாரு சார். பறந்தா போவ முடியும்?"

அவரை முறைத்துவிட்டு மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி ஓடி, மூச்சிரைக்க ஆசாரி கடைக்குள் நுழைந்தேன். வளையலை உருளையில் மாட்டி, மரச்சுத்தியை ஓங்கியிருந்தார் ஆசாரி.

"நிறுத்துங்க. அது தாளம் போட்டு நெளிஞ்சது. அதுல கை வைக்காதீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தாளமா? யாரு சொன்னது?"

"யாரும்மா சொல்லணும்? வலது கை வளையல்தானே?"

"வலது கைதான்" என்றார். "தம்புரா சுருதி கொஞ்சம் எறங்கிப்போச்சுன்னு, கச்சேரி முடிஞ்சு உள்ள போனதும் எங்க அக்கா என்னை அறைஞ்சுது. வளையலோட காதுல விழுந்துது அடி. அன்னிக்கு நெளிஞ்சது இது. அந்தக் காது அன்னியோட செவிடு."

சுத்தியைத் தடுக்க நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டேன்.

"நீங்க இதை நாலு பேருக்குக் காட்டுவீங்க, தம்பி. அக்கா பாட்டைப் பத்திப் பெருமையா சொல்லுவீங்க. சொல்லுங்க, நான் வேணாங்கல. ஆனா இந்த நெளிசலோட இது என் கைய வுட்டுப் போவாது. அப்பிடியேதான் வேணும்னா, மன்னிச்சுக்குங்க, நான் எடுத்துக்கினு போறேன்."

ஆசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அடியைத்தான் நான் பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துக் கொண்டாட இருந்தேன்.

"தட்டுங்க" என்றேன் ஆசாரியிடம்.

முதல் தட்டு விழுந்ததும் அந்த அம்மா கேட்கிற காதைக் கையால் பொத்திக்கொண்டார்.