கையால் தள்ளும் பாயிண்ட்

என் கணவர் செங்கல்பட்டில் ரயில் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். மாமனார் காலத்துத் தகர பொம்மை ரயிலைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அவருக்குப் பொழுது போகட்டுமென்று இறக்கிக் கொடுத்தேன். கூடத்தில் வட்டமாகச் சுற்றியது. கொஞ்ச நாளில் அதுவும் சலித்துவிட்டது.

"பக்கத்துல ஒரு சைடிங் போடணும். பாயிண்ட் ஒண்ணு வாங்கு" என்றார். வட்டத்திலிருந்து பிரிந்து போகும் கிளைத் தடம்தான் சைடிங். ரயிலை அதற்குத் தடம் மாற்றிவிடும் துண்டைப் பாயிண்ட் என்பார்.

கூடுவாஞ்சேரியில் எனக்கு ஆபீஸ். மின்சார ரயிலில் நின்றபடியே திரும்பி வந்து, சமைத்து, அவர் கைக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கு நடுவே போனில் பாயிண்ட் தேடினேன். முதலில் வந்ததில் இரண்டு தண்டவாளம்தான். எங்களுடையதில் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. மின்சாரம் அதில்தான் வரும். திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்ததில் மூன்றும் இருந்தன. ஆனால் பழைய எஞ்சினின் சக்கர விளிம்பு தடிமன். தடம் பிரியும் இடத்தில் ஏறிக் கவிழ்ந்தது.

"பாத்து வாங்க மாட்டியா?" என்றார். அதையும் திருப்பி அனுப்பினேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பழைய சாமான் விற்கும் பாய் ஒருவரைப் பற்றி ஆபீசில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். எஞ்சினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"ரெண்டு கீது சார்" என்றார் பாய். "ஒண்ணு பட்டன் அமுக்குனா தானா மாறும். இன்னொண்ணு கையால தள்ளணும்."

எஞ்சினை இரண்டின் மேலும் உருட்டிப் பார்த்தோம். இரண்டிலும் தடங்கலின்றிப் போனது.

"பட்டன் வெச்சதே குடுங்க பாய்" என்றேன்.

"வேணாம். கையால தள்றது குடுங்க" என்றார் இவர்.

"உங்களால முடியாதுங்க."

"முடியுற வரைக்கும் ரயில் நிக்கட்டும்."

வாங்கி வந்து பொருத்தினோம். வாரக்கணக்கில் ரயில் நின்றது. நான் தள்ளினால் கோபம் வந்தது. தன் இடது கையால் தள்ளவும் அவர் ஒப்பவில்லை.

ஒரு சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது தரையில் குனிந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. வலது கைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள, 'டக்'கென்று தடம் மாறியது. ரயில் மெல்ல சைடிங்கில் நுழைந்தது.

"பாத்தியா? இரு, இன்னொரு தடவை தள்றேன்."

இரண்டாம் தடவை விரல் நழுவியது. மறுபடி வைத்தார். தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்து சமைக்க முடியுமென்று தோன்றவில்லை. அன்று கடை இட்லிதான்.